கொட்டை அங்கே, பருப்பு எங்கே?

வணக்கம் நேயர்களே. இன்று உலகிலேயே அதிகமாக முந்திரிக்கொட்டை விளைவது மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில், ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல். பருப்பை அதிகம் ஏற்றுமதி செய்வதோ வியட்நாம். நம் பண்ருட்டி ஆலைகளிலும் உள்ளூர்க் கொட்டையோடு ஆப்பிரிக்கக் கொட்டை உடைபடுகிறது.

ஒப்பீட்டளவில் எது மலிவாக வருமோ அதைச் செய்து, மற்றதை வாங்கிக்கொள் என்றார் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ, 1817இல். 1990களில் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்குக்கு உலக வங்கி இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டியது. கொட்டை ஏற்றுமதி வரியைக் குறைத்தால் இந்தியாவுக்கு நல்ல விலைக்கு விற்கலாம், விவசாயி பிழைப்பான் என்றது. வரி குறைந்தது. கொட்டை வெளியே போகப் போக உள்ளூர் ஆலைகள் மூடின, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. விவசாயி கைக்குக் கூடுதலாக வந்ததோ சொற்பம். அந்த ஆலைகள் திறமையாக நடந்தன என்று நான் வாதாடவில்லை. ஆனாலும் 1999இல் அந்நாட்டு நாடாளுமன்றமே வரியை மறுபடி உயர்த்த வேண்டி வந்தது.

அப்போது இந்தியாவின் பலம் என்ன? கொல்லத்துப் பெண்களின் கைகள். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் பால் பட்டால் தோல் வெந்துவிடும். அதைச் சமாளித்து, பருப்பு உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். 320 ரகம் என்கிறார்களே, ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 320 முழுப்பருப்பு நிற்கும் என்று பொருள். பருப்பு இரண்டாக உடைந்தால் விலை சரிந்துவிடும். இதற்கு இயந்திரம் சரிப்படாது, குறைந்த கூலிக்குக் கிடைக்கும் கைதான் வேண்டும் என்று நம்மவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

வியட்நாமோ உடைக்கும் இயந்திரத்தைத் தானே செய்து, பருப்பு சேதம் குறையும்வரை திருத்திக்கொண்டே போனது. 2006இல் ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. சொந்த விளைச்சல் போதாமல் கொட்டையை ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வாங்கித்தான் இதைச் சாதித்தது. அந்த நாட்டின் அனுகூலம் மண்ணில் இல்லை, பட்டறையில் இருந்தது. நாம் இப்போது உடைக்கும் பருப்பில் பெரும்பகுதியை நாமே தின்றுவிடுகிறோம் என்பது வேறு கதை.

அப்புறம் அந்த இயந்திரங்களையே வியட்நாம் ஆப்பிரிக்காவுக்கும் விற்கத் தொடங்கியது. 2024 ஏப்ரல் முதல் மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனின் கொட்டை ஏற்றுமதிக்கே தடை போட்டுவிட்டது. பருப்பாக வாங்கு என்கிறது. தடை மட்டும் போதாது என்பது என் கணிப்பு. பக்கத்து நாட்டில் விலை கூடினால் மூட்டை இரவோடிரவாக எல்லை தாண்டிவிடும். கொட்டை வாங்கும் பருவத்தில் உள்ளூர் ஆலைக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வருஷத்துக்கு வேண்டிய கொட்டையைச் சில மாதங்களுக்குள் ரொக்கம் கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டிய தொழில் இது.