பிஆர் கார்டு முடிந்தால் பிஆரும் போய்விடுமா? கனடாவில் நாள் எண்ணுவது எப்படி

(திரையில்: விமான நிலைய கவுண்டர். கையில் தேதி முடிந்த பிஆர் கார்டு.)

வணக்கம். "என் பிஆர் கார்டு போன மாதமே முடிந்துவிட்டது. அப்போ எனக்கு பிஆர் இல்லையா?" என்று கேட்பவர்கள் நிறைய. பயத்தில் தூக்கம் இல்லாமல் கேட்கிறார்கள். முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம்.

கார்டு வேறு, பிஆர் எனும் நிரந்தர வதிவுரிமை வேறு. கார்டு என்பது உங்கள் நிரந்தர வதிவுரிமைக்கு ஓர் அடையாள அட்டை, அவ்வளவுதான். பொதுவாக 5 வருடத்துக்குத் தருவார்கள். அது காலாவதியாவதால் மட்டும் உங்கள் உரிமை காலாவதியாகாது. கனடாவுக்குள் இருந்தால் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போகலாம்.

சிக்கல் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதுதான். செல்லுபடியாகும் கார்டு இல்லாமல் கனடா விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கிருந்தே நிரந்தர வதிவாளர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பரிசீலிக்கும் அதிகாரி உங்கள் நாள் கணக்கையும் எடுத்துப் பார்ப்பார்.

(திரையில்: 730 / 5 வருடம்)

பிஆரைக் காப்பாற்ற வேண்டிய கணக்கு இது. எந்த 5 வருடத்தை எடுத்தாலும் அதில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். "முதல் 5 வருடம் சரியாக இருந்துவிட்டேன், இனிக் கவலையில்லை" என்று நினைக்காதீர்கள். இந்த 5 வருடம் உங்களோடு நகர்ந்துகொண்டே வரும். இன்றிலிருந்து பின்னோக்கி 5 வருடம், நாளை நாளையிலிருந்து பின்னோக்கி 5 வருடம்.

கனடியக் குடிமகனான கணவரோடோ மனைவியோடோ வெளிநாட்டில் இருந்த நாட்களும் இதில் சேரும். கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த நாட்களும் சேரலாம். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊரில் தங்கிவிட்டேன் என்பவர்களுக்கு மனிதாபிமானக் காரணம் காட்ட வழி உண்டு. ஆனால் அது அதிகாரியின் முடிவு. ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றையும் தொலைத்துவிடாதீர்கள்.

இப்போது குடியுரிமை. இங்கே கணக்கு மாறுகிறது.

(திரையில்: 1095 / 5 வருடம்)

விண்ணப்பத்தில் கையெழுத்திடும் தேதிக்கு முந்தைய 5 வருடத்தில் 1095 நாள் நீங்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். 2015-இல் இதை 6 வருடத்தில் 1460 நாள் என்று கடுமையாக்கினார்கள். 2017 அக்டோபரில் மீண்டும் இறக்கினார்கள். பழைய ஆட்கள் "நாலு வருஷம் வேணும்" என்று சொன்னால் அந்தக் காலத்துக் கணக்கைச் சொல்கிறார்கள்.

பிஆர் கிடைக்கும் முன் ஸ்டடி பெர்மிட்டிலோ வொர்க் பெர்மிட்டிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். அதிகபட்சம் 365 நாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021 ஜனவரி 1 அன்று மாணவராக வருகிறீர்கள். 2023 ஜனவரி 1 அன்று பிஆர் கிடைக்கிறது. இடைப்பட்ட 730 நாள் பாதியாகி 365. இனித் தேவை 730. எங்கும் போகாமல் இருந்தால் 2024 இறுதியிலேயே நாள் நிறைந்துவிடும். பிஆர் கிடைத்தபின் ஊர்த் திருவிழா, தங்கச்சி கல்யாணம் என்று 70 நாள் போய் வந்திருந்தால் விண்ணப்பமும் 70 நாள் தள்ளிப்போகும்.

இதில் நான் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு பயணத்தை ஞாபகத்திலிருந்து எழுதினேன். ஊரில் இரண்டு வாரம்தான் என்று நினைத்திருந்தேன், நின்றதோ கிட்டத்தட்ட நான்கு வாரம். நாள் குறைந்தது, விண்ணப்பம் திரும்பி வந்தது, மாதக்கணக்கில் காத்திருந்தது வீண். அதனால் சொல்கிறேன்: பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட், பழைய மின்னஞ்சல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து எழுதுங்கள். நாட்டுக்குள் வருவதோடு வெளியே போவதும் இப்போது அரசிடம் பதிவாகிறது. 1095 நிறைந்த அன்றே அனுப்பாதீர்கள், ஒன்றிரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றத் தகுதிகள் அவ்வளவு கடினமில்லை. வரி தாக்கல் செய்யக் கடமைப்பட்டவர் என்றால் அந்த 5 வருடத்தில் 3 வருடமாவது செய்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசிக் கேட்டுப் புரிந்துகொள்வதைக் காட்ட வேண்டும். அவர்களுக்கே பரீட்சையும் உண்டு: 20 கேள்வி, 15 சரியாக இருந்தால் பாஸ். 55 தாண்டிய அம்மா அப்பாவுக்கு இரண்டும் இல்லை.

(திரை இருள்கிறது. ஒரு பழைய இலங்கைக் கடவுச்சீட்டு.)

இனிச் சொல்லப்போவது அகதியாக வந்து பிஆர் எடுத்தவர்களுக்கு. இந்த வீடியோவையே இதற்காகத்தான் செய்தேன். தயவுசெய்து வேகமாக ஓட்டிவிடாதீர்கள்.

நீங்கள் கனடாவிடம் சொன்னது, "என் நாடு என்னைப் பாதுகாக்காது" என்பது. பிஆர் கிடைத்ததும் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து யாழ்ப்பாணம் போய் வந்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களே மறுபடி ஏற்றுக்கொண்டீர்கள் என்று அரசு வாதிட முடியும். 2012 டிசம்பரிலிருந்து, அப்படி அகதி நிலை முடிந்ததாகத் தீர்ப்பானால் பிஆரும் சேர்ந்தே போகும். 730 நாள் அல்ல, 3,000 நாள் இருந்திருந்தாலும் இந்த இடத்தில் அது உதவாது. அம்மாவின் செத்தவீட்டுக்குப் போனவர்கூட விளக்கம் சொல்லவேண்டிய நிலை வரலாம்.

போய் வந்த எல்லோருக்கும் இது நடக்கும் என்பதில்லை. ஏன் போனார், எப்படிப் போனார், இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியுமா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த வழக்கை நடத்துகிற செலவும் மன உளைச்சலும் உங்களுடையது. குடியுரிமை எடுக்கும்வரை பொறுங்கள். வேறு நாடுகளுக்குப் போக கனடா தரும் அகதிப் பயண ஆவணம் இருக்கிறது. ஏற்கெனவே ஊருக்குப் போய் வந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

பிஆர் உள்ள எல்லோருக்கும் இன்னொரு ஆபத்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. 2018 டிசம்பரில் அதற்கான உச்சத் தண்டனையை 10 வருடமாக உயர்த்தினார்கள். அதனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது பாரதூரமான குற்றம். அபராதத்தோடு முடிந்தாலும் பிஆருக்கே சிக்கல் வரலாம். பார்ட்டிக்குப் போனால் டாக்ஸியில் திரும்புங்கள்.

(திரையில்: உயர்த்திய வலது கை)

சத்தியப்பிரமாணம் எடுத்த நிமிடம் நீங்கள் கனடியர். இந்தியரானால் அதே நிமிடம் இந்தியக் குடியுரிமை போய்விடும். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அப்படி. இந்திய பாஸ்போர்ட்டில் தேதி மிச்சம் இருந்தாலும் அதை வைத்துப் பயணம் செய்யாதீர்கள், அது குற்றம். ஒப்படைத்துவிட்டு ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை, வாங்கிக்கொள்ளலாம். அதில் ஊருக்குப் போகலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கையர் விண்ணப்பித்து அனுமதி பெற்றால் இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. குடிமகனான பிறகு பிஆர் கார்டு செல்லாது, கனடா பாஸ்போர்ட் கைக்கு வர நாளாகும். சத்தியப்பிரமாணத் தேதியை ஒட்டி யாரும் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். போய்விட்டால் திரும்பி வர விமானத்தில் ஏறுவதற்கு ஒன்றும் கையில் இருக்காது.