பட்டன் சிலந்தி கடித்தவரின் பதற்றம்

வணக்கம், நேயர்களே. டர்பனில் நம் வீடுகளில் தபால் பெட்டிக்குள்ளும், தோட்டத்து நாற்காலிக்கு அடியிலும் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று வலை கட்டும். அதன் முட்டைப் பை முள் முள்ளாக ஓர் உருண்டை. பழுப்புப் பட்டன் சிலந்தி என்போம். அது கடித்தால் பெரும்பாலும் கடித்த இடம்தான் வலிக்கும். நான் பேச வந்தது அதன் உறவான கறுப்புப் பட்டன் சிலந்தியைப் பற்றி. நம் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்துக் கோதுமை வயல்களில் அது உண்டு.

பல வருடங்களுக்கு முன் அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்தேன். அறுவடைக் காலம். ஒரு கூலித் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். சட்டையைப் பிழிந்தால் வியர்வை கொட்டும். வயிறு பலகை போல் இறுகியிருந்தது. ஒரு நிமிடம் படுக்க முடியவில்லை. எழுவார், நடப்பார், குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வார். "செத்துப்போவேன்" என்று அதையே சொன்னார். குடித்திருக்கிறான் என்றார் ஒருவர். நடிக்கிறான் என்றார் இன்னொருவர். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தச் சிலந்தி கடித்தவர் இப்படிப் பதறினால், நஞ்சு மூளைக்கு ஏறிப் புத்தி பேதலித்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆல்ஃபா லாட்ரோடாக்சின் என்கிற அந்த நச்சுப் புரதம் பெரியது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அது சுலபமாகத் தாண்டாது. உடம்பில் பரவியிருக்கும் நரம்பு முனைகளில் ஒட்டித் துளை போடும். துளை வழியே கால்சியம் உள்ளே பாயும். முனையில் சின்னச் சின்னப் பைகளில் சேர்த்து வைத்த ரசாயனங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடும். அவற்றில் அசிட்டைல்கோலின் என்பது தசையை இறுக்கும். நார்அட்ரினலின் என்பது இரத்த அழுத்தத்தை ஏற்றும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். சிங்கம் துரத்தினால் உடம்பு என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு. கூடவே தாங்க முடியாத வலி. இத்தனையும் சேர்ந்து மேலே போனால் மூளை பயப்படாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. பூச்சிகளைக் கொல்ல இந்தச் சிலந்தியிடம் வேறு நச்சுகள் தனியாக இருக்கின்றன. நான் சொன்னது முதுகெலும்புள்ள பிராணிகளுக்கென்றே அமைந்தது. அதிலும் ஆடும் முயலும் ஓரளவு தாங்கும். குதிரையால் தாங்கவே முடியாது. ஆனால் மாற்று மருந்து கிடைப்பது அதே குதிரையிடமிருந்துதான். நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திப் பழக்கி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள்.

வயலிலோ விறகுக் குவியலிலோ வேலை செய்தவர் திடீரென்று இப்படித் துடித்தால், எங்கே இருந்தார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். கடிவாய் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். சின்னக் குழந்தை, வயதானவர் என்றால் கொஞ்சமும் தாமதிக்காதீர்கள்.

அன்று ஒரு மூத்த டாக்டர் வந்து அந்த மனிதரின் கால்களைப் பொறுமையாகப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே சின்னச் சிவப்புப் புள்ளி. மருந்து ஏற்றினோம். பொழுது சாய்வதற்குள் வயிறு இளகியது. கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தார், அப்புறம் தூங்கிவிட்டார்.