இறங்கிக்கொண்டே இருக்கும் முள்

நேயர்களுக்கு வணக்கம். இலண்டன் வீடுகளில் நெடுங்காலமாக ஹீட்டிங் வேலை செய்து வருபவன் என்ற முறையில், குளிர் தொடங்கியதும் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பாய்லரின் அழுத்தம் ஏன் இறங்கிக்கொண்டே இருக்கிறது?

சமையலறைச் சுவரில் இருக்கும், ஹீட்டிங்குக்கும் குளிக்கும் வெந்நீருக்கும் ஒன்றாகவே பயன்படும் காம்பி பாய்லரின் முகப்பில் அழுத்தத்தைக் காட்டும் சிறிய முள்ளையோ எண்ணையோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார் என்பது அழுத்தத்தின் அலகு. பாய்லர் ஆறியிருக்கும்போது முள் பொதுவாக 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சூடேறியபின் 2 பார் அளவுக்கு உயர்வது இயல்பு. குளிப்பதற்கு வரும் வெந்நீர் வேறு, ரேடியேட்டருக்குள் சுற்றும் நீர் வேறு. ரேடியேட்டர் நீர் மூடிய சுற்றுக்குள்ளேயே ஓடுவதால், அது குறைய நியாயமே இல்லை. அண்மையில் ரேடியேட்டரின் காற்றைத் திறந்துவிட்டிருந்தால் ஒருமுறை முள் இறங்கும். மற்றபடி அடிக்கடி இறங்கினால், நீர் எங்கோ வெளியேறுகிறது என்றே கொள்ள வேண்டும்.

கிழக்கு இலண்டனில் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். காலைத் தேநீர் முடிந்ததும் பாய்லருக்குக் கீழே உள்ள நீர் நிரப்பும் குழாயைத் திறந்து, முள் 1.5-க்கு வரும்வரை காத்திருந்து மூடுவது அவருடைய வழக்கம். "இரண்டு வருசமா இப்படித்தான் தம்பி, பழகிப்போச்சு" என்றார். ரேடியேட்டர்களின் அடியில் ஈரமில்லை, கூரையில் கறையில்லை. தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தபோதுதான், சுவரிலிருந்து வெளியே வந்து சுவரை நோக்கியே வளைந்திருந்த செப்புக் குழாயின் கீழே செங்கல் பாசி பிடித்திருப்பதைக் கண்டேன்.

நடந்தது இதுதான். 10 பாகையில் உள்ள 100 லிட்டர் நீரை 80 பாகைக்குச் சூடாக்கினால், அது ஏறத்தாழ 3 லிட்டர் விரிவடையும். அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுக்கவே, நடுவில் ரப்பர் சவ்வும் ஒரு பக்கம் காற்றும் கொண்ட விரிவுக்கலம் ஒன்று பாய்லருக்குள் இருக்கிறது. அந்த வீட்டுக் கலத்தில் காற்று இறங்கிப்போயிருந்தது. எனவே ஹீட்டிங் ஓடும்போதெல்லாம் அழுத்தம் 3 பாரைத் தொட, பாதுகாப்பு வால்வு திறந்து நீரைத் தோட்டத்துக்குத் தள்ளிவிட, ஆறியபின் முள் சுழியத்துக்கு விழுந்தது. அம்மா காலையில் நிரப்பிய நீர் மாலையில் அந்தச் செப்புக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

நீர் வீணானதைவிட, புதுநீரை நிரப்பிக்கொண்டே இருந்ததுதான் பெரிய கேடு. புதுநீர் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜனைக் கொண்டு வருகிறது. அது உருக்கு ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்கிறது. முன்னறை ரேடியேட்டரின் அடிப்பாகம் சூடேறாமல் கிடந்தது. கழற்றிச் சாய்த்தபோது மை போன்ற கருஞ்சேறு கொட்டியது. கலத்துக்குக் காற்று ஏற்றி, சரியாக மூடாமல் போயிருந்த வால்வையும் மாற்றியபின் முள் இறங்காமல் நின்றது. ரேடியேட்டரைக் காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: நிரப்புவது பழுதுபார்ப்பதாகாது.

உங்கள் வீட்டிலும் சூட்டில் 3-ஐ நெருங்கி, ஆறியதும் சுழியத்துக்கு விழுகிறதென்றால், முதலில் விரிவுக்கலத்தையே ஐயுற வேண்டும். வெளிக் குழாயின் கீழே வெறும் தயிர் டப்பா ஒன்றை வைத்துப் பாருங்கள். அருகில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் சொட்டினால் அஞ்ச வேண்டாம், அது பாய்லர் ஓடும்போது சொட்டுவது வழக்கம். முள் உயராமல் மெதுவாக இறங்கினால் கசிவைத் தேடுங்கள்: ஹீட்டிங் போடுவதற்கு முன், அதிகாலையில், ரேடியேட்டர் வால்வின் தண்டையும் திருகுகளையும் காகிதக் கைத்துண்டால் ஒற்றிப் பாருங்கள், சூடேறிவிட்டால் சிறு கசிவு ஆவியாகி மறைந்துவிடும்.

நேரம் முடிகிறதென்று நிலையத்தார் காட்டுகிறார்கள். தரைக்கடியில் கசியும் குழாய்களைப் பற்றிப் பேச இயலவில்லை. இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். நீரை வடித்து மாற்றினால் துருத்தடுப்பு மருந்தை மறவாமல் ஊற்றச் செய்யுங்கள். எரிவாயு பாய்லரின் உறையை நீங்கள் திறக்காதீர்கள். எரிவாயு வேலை செய்வோருக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் பதிவுள்ளவரையே அழைத்து, அவருடைய அட்டையின் பின்பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள், எந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கும். நன்றி, வணக்கம்.