ஒரு சோறு பதம் போதாது: பனையின் பல்சக்கரைட்டுகளும் அமைப்பறியும் முறைகளும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய பேராசிரியப் பெருமக்களே, கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவகத்திலிருந்து வந்திருக்கும் அறிஞர்களே, பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களே, வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எனப் பல பக்கத்திலிருந்தும் மாணவர்களைக் கூட்டிவந்த அதிபர்களே, ஆசிரியர்களே, என் அன்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஆசியுரை வழங்கிய பெரியவர்களை வணங்குகிறேன். பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களுக்கும், ஒலிபெருக்கியைக் கடைசி வரிசைவரை கேட்கும்படி கட்டித்தந்த தம்பிமாருக்கும் நன்றி.

சிக்கலான காபோவைதரேற்று ஒன்று கையில் கிடைத்தால் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். என்னென்ன வெல்லங்கள் இருக்கின்றன? எந்தெந்தக் காபனில் பிணைந்திருக்கின்றன? எந்த ஒழுங்கில் நிற்கின்றன? மூன்றையும் இன்று பேசுவோம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. பல வெல்லங்கள் சங்கிலியாகக் கோத்த பல்சக்கரைட்டுக்கு அந்தப் பதம் பார்த்தால் ஏமாந்துபோவோம். கிளைசின் என்ற அமினோ அமிலம் இரண்டைக் கோத்தால் வரும் இருபெப்ரைட்டு ஒன்றுதான். இரண்டு குளுக்கோசைக் கோத்தால், ஆறுறுப்பு வளையமாகவே வைத்துக்கொண்டாலும், 11 விதமான இருசக்கரைட்டுகள், அதாவது இரட்டை வெல்லங்கள், வரும். பதினொன்றின் திணிவும் ஒன்றே: 342. தராசு மட்டும் பார்த்தால் அவற்றில் இரண்டான மல்ற்றோசும் செலோபயோசும் ஒன்றாகத்தான் தெரியும்.

முதற் கேள்விக்கு வருவோம். நன்றாக உலர்ந்த மாதிரி 1 மில்லிகிராம் போதும். ஒப்பிட்டு அளப்பதற்கு அளவு தெரிந்த இனொசிற்றோலைச் சேர்த்து, 2 மோலார் திரைபுளோரோ அசற்றிக் அமிலத்தில் 121 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால் சங்கிலி வெல்லங்களாக உடையும். சோடியம் போரோஐதரைட்டால் தாழ்த்தி, அசற்றிக் நீரிலியால் அசற்றைலேற்றி, ஜீசீயில், அதாவது வாயு நிறப்பகுப்புக் கருவியில், விட்டுப் பிரிக்கலாம். பலர் தடுக்கிவிழும் இடம், போரோஐதரைட்டிலிருந்து மிஞ்சும் போரேற்று. மெதனோலும் அசற்றிக் அமிலமும் விட்டு மூன்று நான்கு தரம் ஆவியாக்கிப் போக்காவிட்டால், அது வெல்லத்தைப் பற்றிக்கொண்டு அசற்றைலேற்றத்தைத் தடுக்கும். இன்னொன்று, இம்முறையில் அமிலக் கூட்டமுள்ள வெல்லங்களான யூரோனிக் அமிலங்கள் தெரியமாட்டா. பனங்களியிலுள்ள பெற்றின் என்ற பல்சக்கரைட்டை இப்படி ஆராய்ந்தால் அதன் முதுகெலும்பான கலக்ற்றூரோனிக் அமிலமே அறிக்கையில் இராது. அதற்கு மெதனோலும் ஐதரசன் குளோரைட்டும் கொண்டு மெதனோல்பகுப்புச் செய்து, திரைமெதைல்சிலைல் பெறுதியாக்க வேண்டும். ஒரு சோறு பதம் இங்கே முதற்படியிலேயே பொய்க்கிறது.

இரண்டாவது கேள்விக்கு மெதைலேற்றம், அதாவது பிணைப்பில் இல்லாத இடங்களை மெதைல் கூட்டத்தால் அடைப்பது. 1964இல் ஹக்கோமோரி வழிகாட்டினார். 1984இல் சியுக்கானுவும் கெரெக்கும் அதை இலகுவாக்கினார்கள். டீஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த மாதிரிக்குச் சோடியம் ஐதரொட்சைட்டுத் தூளும் மெதைல் அயடைட்டும் சேர்த்தால், பிணைப்பில் இல்லாத ஐதரொட்சில் எல்லாம் மெதொட்சியாகும். பிறகு உடைத்து, பார ஐதரசனான தியூத்தேரியம் கொண்ட போரோதியூத்தரைட்டால் தாழ்த்தினால் முதலாம் காபனுக்கு அடையாளம் விழும். அந்த அடையாளம் இல்லாவிட்டால் 3இல் பிணைந்ததையும் 4இல் பிணைந்ததையும் பிரித்தறிவது கடினம். நுங்கிலுள்ள கலக்ற்றோமன்னனில், 4இல் மட்டும் பிணைந்த மன்னோசு, திணிவு நிறமாலையில் 118, 233 என்ற திணிவுள்ள துண்டுகளைத் தரும். கலக்ற்றோசுக் கிளை தாங்கி 4இலும் 6இலும் பிணைந்தது 118, 261 தரும்.

இதற்கு எதிரி ஈரம். மாரிகாலத்தில் நம்மூர்க் காற்றில் சோடியம் ஐதரொட்சைட்டை அரைத்தால், உரலிலேயே நீர் கசிந்து பளபளக்கும். மெதைலேற்றம் அரைகுறையாகி, இல்லாத கிளைகள் அறிக்கையில் முளைக்கும். மாதிரியை, ஈரத்தை உறிஞ்சும் பொசுபரசு ஐந்தொட்சைட்டின் மேல் இரவு முழுதும் வெற்றிடத்தில் வையுங்கள். டீஎம்எஸ்ஓவை, நீரைப் பிடித்துவைக்கும் மூலக்கூற்றரிப்பின் மேல் வையுங்கள். கடைசியில் முனை வெல்லங்களின் தொகையும் கிளைப்புள்ளிகளின் தொகையும் ஏறக்குறையச் சமமா என்று பாருங்கள். கிளைப்புள்ளி கூடியிருந்தால் திரும்ப மெதைலேற்ற வேண்டும். மெதைல் அயடைட்டு நச்சு. புகைப்பெட்டிக்கு வெளியே போத்தலைத் திறக்கவே கூடாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன், பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். 2008 ஜனவரியில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள சிறுவர் மருத்துவமனையொன்றில் டயலிசிஸ் செய்யும் பிள்ளைகளுக்கு முகம் வீங்குகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது என்று முறைப்பாடு போனது. விசாரணை ஹெப்பாரினில் போய் நின்றது. ஹெப்பாரின், இரத்தம் உறையாமல் தடுக்கும் பல்சக்கரைட்டு. பன்றியின் குடலிலிருந்து எடுப்பது. அந்த மருந்து அன்றைய சோதனைகளில் தேறியிருந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கிறதா என்று பார்த்தார்கள்; தடுத்தது. ஒரு சோறு பதம் பார்த்தார்கள், சோறு வெந்திருந்தது. என்எம்ஆர் என்ற கருக்காந்தப் பரிவுக் கருவியில் வைத்தபோதுதான் விடயம் வெளித்தது. ஹெப்பாரினின் அசற்றைல் உச்சி நிறமாலையில் 2.05 ppm-க்கு அருகில் நிற்கவேண்டும், பக்கத்திலே 2.15 அளவில் இன்னொரு உச்சி நின்றது. இருபரிமாண என்எம்ஆரால் தேடிப் பிடித்தார்கள். கொண்ட்ரொயிற்றின் சல்பேற்று என்ற வேறொரு பல்சக்கரைட்டுக்கு, இருசக்கரைட்டு அலகொன்றுக்கு நான்கு சல்பேற்று ஏற்றிய பொருள் அது. இயற்கையில் கிடையாது, யாரோ செய்து கலந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் அதற்கும் ஓரளவு இருந்தபடியால் பழைய சோதனை பிடிக்கவில்லை. அதன்பின் அமெரிக்க மருந்துநூல் புரோத்தன் என்எம்ஆரை ஹெப்பாரினுக்குக் கட்டாயமாக்கியது.

வெல்லத்தின் முதலாம் காபனிலுள்ள பிணைப்பு α அமைப்பா β அமைப்பா என்பதையும் என்எம்ஆர் சொல்லும். குளுக்கோசில் முதலாம், இரண்டாம் காபன்களிலுள்ள ஐதரசன்களின் (H-1, H-2) இணைவு 3–4 ஹேர்ட்ஸ் என்றால் α, 8க்கு அருகில் என்றால் β. மன்னோசில் இரண்டுமே சிறியவை. அங்கே காபன்–ஐதரசன் இணைவைப் பார்க்கவேண்டும். α என்றால் 170, β என்றால் 160 ஹேர்ட்ஸ் அளவில் வரும். மூன்றாவது கேள்விக்கு நொதியங்களும் தொடர் திணிவு நிறமாலையும் இருக்கின்றன. தலைவர் மணியைத் தொட்டுவிட்டபடியால், நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்குப் போகிறேன்.

பனைக்கென்று ஒரு பொதுக் காபோவைதரேற்று ஆய்வுகூடம் இந்த மண்ணில் வேண்டும். பனங்களியின் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின், குளுக்கோசும் இரம்னோசும் தொங்கும் ஒரு ஸ்ரீரொயிட்டுச் சப்போனின். அந்தச் சங்கிலியில் ஒரு வெல்லம் கழன்றாலே பொருள் வேறு. நுங்கு, பினாட்டு, ஒடியல் மா ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு. "பனங்களித் தூள்" என்று ஒரே சிட்டை ஒட்டி ஏற்றுமதி செய்தால், அது கலப்படமா அசலா என்று நாளை நாமே நிறுவமுடியாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஈரம் 40 வீதத்துக்கு மேற்போகாத ஓர் அறை, உறைநிலை உலர்த்தி ஒன்று, திணிவு நிறமாலைமானி பூட்டிய ஜீசீ (ஜீசீ-எம்எஸ்) ஒன்று, என்எம்ஆரில் மாதம் குறித்த சில நாட்கள். மாதிரிப் போத்தல் ஒவ்வொன்றிலும் ஊர், பழம் விழுந்த திகதி, உலர்த்திய முறை எழுதியிருக்கவேண்டும்; பழுக்கப் பழுக்கப் பெற்றின் மாறுகிறது, வெயிலில் காய்ந்த பினாட்டும் உறைய வைத்து உலர்த்திய களியும் ஒன்றல்ல. பனை அபிவிருத்திச் சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மாகாண நிருவாகத்துக்கும் எழுதிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத் தலைவர்கள் முதலில் கையொப்பமிட்டு, தத்தம் சங்கத்திலிருந்து இவ்வருடப் பழக்காலத்தில் எத்தனை மாதிரி தரமுடியும் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.