ஓரிரவுக் கைமாற்று

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியின் டிரஷரி பிரிவில் என்னைப் போட்ட முதல் நாள். மேலாளர் ஒரு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "தம்பி, கால் மணி எவ்வளவு போகுதுன்னு கேளுப்பா" என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அறையே சிரித்தது. அவர் கேட்டது நேரத்தை அல்ல. வங்கிகள் தங்களுக்குள் ஒரே ஓர் இரவுக்குக் கொடுத்து வாங்கும் கடனுக்கு ஆங்கிலத்தில் 'கால் மணி' (call money) என்றுதான் பெயர். அன்றைய வட்டியைத்தான் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.

நம்மிடம் இதற்கு இன்னும் பொருத்தமான சொல் இருக்கிறது: கைமாற்று. எழுத்து வேலை அதிகம் இல்லை, அடகு இல்லை. இன்று வாங்கியதை நாளை திருப்பித் தர வேண்டும். பக்கத்து வீட்டில் அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் வாங்குவோமே, அதேதான். இங்கே தொகை நூறு கோடி, ஐந்நூறு கோடி என்று இருக்கும், அவ்வளவுதான்.

சரி, ஊரார் டெபாசிட் எல்லாம் வைத்திருக்கும் வங்கிக்குக் கைமாற்று எதற்கு? நாம் போட்ட பணம் பெட்டியில் தூங்குவதில்லை. வீட்டுக் கடனாக, தொழில் கடனாக, அரசுப் பத்திரமாக எப்போதோ போய்விட்டது. வங்கி 'கையில் இருக்கிறது' என்று சொல்லக்கூடியது பெரும்பாலும் ரிசர்வ் வங்கியில் உள்ள அதன் கணக்கில் இருக்கும் தொகைதான். அந்தக் கணக்கில் டெபாசிட்டுகளுக்கு ஏற்ப ஒரு பங்கை இருப்பு வைத்தே ஆகவேண்டும். அதுதான் சிஆர்ஆர். 2025 நவம்பர் கடைசியில் அது 3 சதவீதத்துக்கு இறங்கியது. இரு வாரச் சராசரியைத்தான் பார்ப்பார்கள் என்றாலும், எந்த ஒரு நாளும் தேவையில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் அபராத வட்டி. ஆகவே மாலை நெருங்க நெருங்க, குறைந்தவர் மிஞ்சியவரைத் தேடுவார்.

இதில் பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. நீங்கள் உங்கள் வங்கியிலிருந்து என் வங்கிக்குப் பணம் அனுப்பினால், உங்கள் வங்கிக்குக் குறையும், என் வங்கிக்குக் கூடும். மொத்தம் மாறாது. ஆனால் மார்ச் 15 அன்று கம்பெனிகள் முன்கூட்டிய வரியைக் கட்டும்போது, அந்தப் பணம் ரிசர்வ் வங்கியில் உள்ள அரசின் கணக்குக்குப் போய்விடுகிறது. அரசு அதைச் சம்பளமாகவோ பென்ஷனாகவோ செலவழிக்கும்வரை எந்த வங்கியாலும் தொட முடியாது. தீபாவளிக்கு நாம் ஏடிஎம்மில் நோட்டாக எடுத்தாலும் குறையும். ரிசர்வ் வங்கி டாலரை வாங்கினால் ரூபாய் உள்ளே வரும், விற்றால் வெளியே போகும். இப்படி உள்ளே வெளியே நடந்தால்தான் மொத்தம் மாறும். வங்கிகள் தங்களுக்குள் எத்தனை கைமாற்று செய்தாலும் மொத்தத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

இது வெறும் கணக்கு அல்ல என்று எனக்குக் காட்டியது 2007ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு மார்ச் 30, வெள்ளிக்கிழமை. நிதியாண்டு முடிய ஒரு நாள்தான் பாக்கி. வரிப்பணம் வெளியே போயிருந்தது. விலைவாசியைப் பிடிக்க சிஆர்ஆரையும் அடுத்தடுத்து உயர்த்தியிருந்தார்கள். ஓரிரவு வட்டி 50 சதவீதத்தைத் தாண்டியது. 100 கோடிக்கு 6 சதவீதம் என்றால் ஓர் இரவுக்கு வட்டி 1 லட்சத்து 64 ஆயிரம் சொச்சம். 50 சதவீதம் என்றால் 13 லட்சத்து 69 ஆயிரத்துக்கு மேல். விடிந்தால் முடிந்துவிடும் கடனுக்கு!

ரிசர்வ் வங்கி அப்போது ரெப்போவில் 7.5 சதவீதத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததே, அங்கே போகலாமே என்று கேட்பீர்கள். ரெப்போ என்பது கைமாற்று அல்ல, அடகு. அரசுப் பத்திரத்தைக் கொடுத்தால்தான் பணம். ஒவ்வொரு வங்கியும் அப்போது தன் டெபாசிட்டில் 25 சதவீதத்தைப் பத்திரங்கள் போன்றவற்றில் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் மிச்சம் இருந்தால்தான் அடகு வைக்கலாம். மிச்சம் இல்லாதவர், பெட்டி நிறையப் பத்திரம் இருந்தும் கைமாற்றுக்கு அலைய வேண்டியதுதான். வீட்டில் நகை இருக்கிறது, ஆனால் சாவி மாமியாரிடம் என்பது போல.

நான்கு மாதம் போகவில்லை, எல்லாம் தலைகீழ். வெளிநாட்டுப் பணம் கொட்ட, ரிசர்வ் வங்கி டாலர் வாங்க, ரூபாய் பெருகியது. மிஞ்சியதை ரிசர்வ் வங்கியிடமே ரிவர்ஸ் ரெப்போவில் போட்டால் 6 சதவீதம். ஆனால் ஒரு நாளைக்கு 3,000 கோடிதான் வாங்குவோம் என்று அந்த மார்ச் முதலே வரம்பு வைத்திருந்தார்கள். மற்றவர்கள் பணத்தை எங்கே வைப்பது? யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்று கூவினார்கள். ஜூலையில் ஓரிரவு வட்டி 1 சதவீதத்துக்கும் கீழே போனது. ஆகஸ்ட் 6 அன்று வரம்பை எடுத்தார்கள்.

ஒரே ஆண்டில் 50, அப்புறம் 1. கொள்கை வட்டி என்று நாம் செய்தியில் கேட்கும் ரெப்போ எண் இந்த இரண்டுக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தது.

இரண்டுக்கும் மருந்து பிறகுதான் வந்தது, அதுவும் நிதானமாக. 2011 மே மாதம் ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் எம்எஸ்எஃப் என்ற வசதி. கட்டாயப் பத்திரத்திலிருந்தே ஒரு சிறு பங்கை அடகு வைக்கலாம். சாவி கொஞ்ச நேரத்துக்கு மருமகள் கையில். வட்டி எகிறாமல் தடுக்கும் கூரை ஓரளவு நின்றது. வட்டி சரியாமல் தாங்கும் தரை போட இன்னும் பதினொரு ஆண்டு. ரிவர்ஸ் ரெப்போவில் ரிசர்வ் வங்கியும் பத்திரத்தை ஈடாகத் தர வேண்டும். மிஞ்சியதை ரிசர்வ் வங்கியில் போட 2022 ஏப்ரலில் வந்த எஸ்டிஎஃப் என்ற வசதியில் அந்தத் தேவை இல்லை, எவ்வளவு மிஞ்சினாலும் போட்டுக்கொள்ளலாம். ரெப்போவுக்குக் கால் சதவீதம் கீழே தரை, கால் சதவீதம் மேலே கூரை.

இதில் எனக்கு ஒரு குறை. பக்கத்து வங்கிக்குக் கடன் கொடுத்து யோசிப்பானேன் என்று, மிஞ்சியவர் ரிசர்வ் வங்கியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். குறைந்தவர் அதே ரிசர்வ் வங்கியிடம் கூடுதல் வட்டிக்கு வாங்குகிறார். 2023இல் ஒரே நாளில் இரண்டு ஜன்னலிலும் வரிசை நின்றது. அந்த ஜன்னல்கள் இரவு 11.59 வரை திறந்திருக்கின்றன. எங்கள் காலத்தில் மாலையானால் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருப்போம்.

வணக்கம்.