அந்த ஐந்து விநாடி

(அக்டோபர் 6, உலக மூளை முடக்குவாத நாளையொட்டி அங்கன்வாடிப் பணியாளர்களிடையே ஆற்றிய உரை)

அக்காமார்கள் எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். என் பகல் பொழுதெல்லாம் சிபி, அதாவது செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளோடுதான் போகிறது. பின்னால் பேனரில் அதைத்தான் 'மூளை முடக்குவாதம்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. மூளையே முடங்கிவிட்டது என்றுதான் படிப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், வளர்கிற மூளையில் உடல் அசைவைக் கவனிக்கும் இடத்தில் ஒரு காயம். அந்தக் காயம் பெரிதாகாது, இன்னொருவருக்குத் தொற்றாது. சிலருக்கு அதோடு வலிப்பு வரும், படிப்பும் சிரமப்படும். ஆனால் அறிவில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள் நிறையப் பேர்.

முதலில், குழந்தைக்கு இப்படி ஆனதற்குப் பழி சுமக்கும் மருமகள்களுக்காக ஒரு வார்த்தை. 1861-இல் லண்டன் டாக்டர் வில்லியம் லிட்டில், பிரசவச் சிக்கல்தான் இதற்குக் காரணம் என்றார். 1897-இல் சிக்மண்ட் பிராய்டு, அதே மனோதத்துவ பிராய்டுதான், அதை மறுத்தார். கருவிலேயே தொடங்கிய கோளாறின் விளைவாகவும் பிரசவம் சிக்கலாகலாம் என்றார். இன்று பார்த்தால், பெரும்பாலான குழந்தைகளுக்குக் காயம் பிறக்கும் முன்பே ஏற்பட்டுவிடுகிறது. எட்டு மாதத்துக்கு முன்பே பிறப்பது ஒரு பெரிய காரணம். அந்த மருமகள் கிரகணத்தில் வெளியே போனதோ, பப்பாளி தின்றதோ இல்லை. இதை அந்த வீட்டு மாமியாரிடம் நீங்கள் சொன்னால் எடுபடும். நான் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு காரணத்தை நாம் தடுக்கலாம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள்காமாலை ஏறினால், வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் வைத்திருக்க விடாதீர்கள். அளவு மீறினால் அது மூளையில் போய்ப் படியும். ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் வைத்தாலே பெரும்பாலும் இறங்கிவிடும்.

அப்புறம், இதன் அறிகுறிகள் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். நாலு மாதம் தாண்டியும் தலை நிற்கவில்லை. கைவிரல்கள் இறுக மூடியே இருக்கின்றன. துணி மாற்றும்போது இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கின்றன. ஒரு வயசுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டுகிறது. வீட்டில் 'எங்க பாப்பா இடதுகைக்காரி' என்று பெருமை வேறு. ஒரு வயசுக்குள் கைப்பழக்கம் வரக் கூடாது, அக்கா. மற்றக் கை ஏன் வரவில்லை என்று பாருங்கள். மணலில் இடுப்பளவு குழி தோண்டி நிற்க வைக்கும் வைத்தியத்தில் ஒரு வருஷம் போய்விடும். நேரே டி.இ.ஐ.சி.க்கு, அதாவது குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டு சிகிச்சை தரும் மாவட்ட மையத்துக்கு அனுப்புங்கள்.

சரி, கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா? தலையைப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி ஒரு வாய் விழுங்குங்கள். சிரமமாக இருக்கிறது, இல்லையா? இந்தப் பிள்ளைகளை மடியில் மல்லாக்கப் போட்டு இப்படித்தான் கஞ்சி ஊட்டுகிறோம். நெஞ்சில் சளி கட்டி அடிக்கடி காய்ச்சல் வருவதற்கு இதுவும் காரணம். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுக் கீழே இருக்கும்படி ஊட்டுங்கள். காசு செலவில்லை.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அப்போது பதினொரு வயசு. பேச்சு வராது. பேர் என்ன என்று கேட்டால் அம்மாதான் சொல்வார். அவனுக்குப் படமும் எழுத்தும் ஒட்டிய ஓர் அட்டை செய்துகொடுத்தோம். கண்ணால் பார்த்துக் காட்ட வேண்டும். அவன் ஒன்றைத் தேட நாலைந்து விநாடி ஆகும். அதற்குள் யாராவது பதில் சொல்லிவிடுவோம். ஒரு நாள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். அவன் காட்டிய முதல் வாக்கியம்: 'உப்புமா வேண்டாம்.' தினமும் காலையில் அதைத்தான் ஊட்டியிருக்கிறார் அம்மா. அழுதுகொண்டே சிரித்தார்.

பேச்சு வந்தாலும் நாம் காத்திருப்பதில்லை. கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ், சிபி உள்ளவர், உரிமைச் செயல்பாட்டாளர். 2012 பிப்ரவரியில் கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் இறக்கிவிட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவருக்கு வழக்குப் போடத் தெரிந்தது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் இறக்கிவிடப்படுகிறவருக்கு?

அடையாள அட்டை, நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, இதெல்லாம் உண்டு. விவரத்தை நோட்டீஸில் போட்டிருக்கிறோம்.

அந்தப் பையனுக்குச் செய்த மாதிரிப் பட அட்டைகள் நாலைந்து கொண்டுவந்திருக்கிறேன், மேசைமேல் இருக்கிறது. டீ வருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல், கண்ணால் மட்டும் காட்டிப் பக்கத்து அக்காவிடம் பேசிப் பாருங்கள். பக்கத்து அக்கா, நீங்கள் அவசரப்பட்டுச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.