ஹாமத் என்றொரு சொல்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கும்போது, கடைசிக் கட்டளையில் மூச்சு வாங்கும். பிறனுடைய வீடு, மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை என்று போய்க்கொண்டே இருக்கும். கொல்லாதே, திருடாதே என்றால் சரி, கையைக் கட்டிப்போடலாம். 'இச்சியாதிருப்பாயாக' என்று மனசுக்கு எப்படிக் கட்டளை போடுவது? பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயம் படிக்க ஆரம்பிக்கும்வரை இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எபிரேயத்தில் அந்தக் கட்டளையில் உள்ள வினைச்சொல் ஹாமத். அது கெட்ட சொல்லே அல்ல. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் ஏதேன் மரங்கள் பார்வைக்கு அழகானவை என்று வருகிறதே, அந்த 'அழகு' இதே வேரில் பிறந்ததுதான். 68ஆம் சங்கீதத்தில் தாம் குடியிருக்க ஒரு மலையை விரும்புகிறவர் கடவுள்; அங்கேயும் ஹாமத்! ஆசைப்பட்டாலே பாவம் என்று இந்தச் சொல்லைக் காட்டி யாரையும் பயமுறுத்தக் கூடாது.

அப்புறம் யோசுவா 7ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். யாரும் எடுக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட எரிகோ நகரின் கொள்ளைப் பொருளில் ஒரு பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் எடையில் ஒரு பொன்பாளம். கண்டேன், இச்சித்தேன், எடுத்துக்கொண்டேன் என்கிறான் ஆகான் என்ற இஸ்ரவேலன். இச்சித்தேன் என்ற இடத்தில்தான் ஹாமத். எடுத்ததையெல்லாம் கூடாரத்துக்குள்ளேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டான், வெள்ளி எல்லாவற்றுக்கும் அடியில். அவ்வளவு அழகான சால்வையை ஒருநாள்கூடப் போர்த்த முடியவில்லை. மீகா 2ஆம் அதிகாரத்திலும் வயல்களை இச்சிக்கிறவர்கள் அடுத்த சொல்லிலேயே பறித்துக்கொள்கிறார்கள்.

உபாகமம் இதே கட்டளையைத் திரும்பச் சொல்லும்போது, பிறனுடைய வீட்டுக்கும் வயலுக்கும் வேறொரு வினையைப் போடுகிறது. அதன் வேர் கிட்டத்தட்ட நம்முடைய 'அவா' போலவே ஒலிக்கும். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இரண்டையும் பிரித்துக் காட்டினார்: எப்படி அடையலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவது அந்த இரண்டாவது சொல், ஆள்விட்டு, நச்சரித்து, விற்க மனமில்லாதவனிடமிருந்து வாங்கியே விடுவது ஹாமத். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் குற்றம் குற்றமே என்கிறார்.

யாத்திராகமம் 34இல் ஒரு வாக்குறுதி இருக்கிறது. ஆண்கள் எல்லாரும் வருஷத்தில் மூன்று தரம் கடவுளின் சந்நிதிக்குப் போகவேண்டும். ஊரில் நிலத்துக்குக் காவல் இருக்காது. அப்போது ஒருவரும் உன் தேசத்தை 'ஹாமத்' செய்யமாட்டார்கள் என்கிறார் கடவுள். ஊரைவிட்டுப் போகிறவனுக்கு என்ன பயம்? எவனோ தன் வயலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான் என்றா? திரும்பி வரும்போது வயல் தன்னுடையதாக இருக்குமா என்பதுதானே!